தாகமுள்ளவன் யார்?



நம் வீடுகளிலுள்ள வாலிபர் பலர், இரவு செபம் முடிந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விளையாடுவதைப் பெற்றோர் அறிவீர்கள். அது வெறும் பொழுதுபோக்கு, அதில் ஆத்துமத்தைப் பற்றிய விஷயம் என்ன இருக்கப் போகிறது என்று சிலர் எண்ணுகிறார்கள். அது முழுவதும் கெட்டது என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இரு திறத்தாரும் சற்றுப் பொறுமையாய்க் கேட்கும்படி வேண்டுகிறோம்.

இவ்விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. அதில் ஆடுகிறவன் ஒரு கதைக்குள் ஒரு பாத்திரமாக நுழைகிறான். நாடக மேடையில் நடிகன் பிறர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுகிறான். இங்கோ, யாரிடம் என்ன பேசுவது, யாருக்கு உதவுவது, யாரைக் கைவிடுவது என்பதை ஆடுகிறவனே தீர்மானிக்க வேண்டும். அவன் தீர்மானத்துக்கு ஏற்றபடி கதையும் மாறும். ஆகையால் அங்கே கைவிரலுக்கு மட்டுமல்ல, மனச்சாட்சிக்கும் வேலை உண்டு.

அப்படிப்பட்ட ஒரு விளையாட்டின் கடைசிக் கட்டத்தை இவ்வாரம் ஆராய்வோம். அதன் பெயர் 'ஃபால்அவுட் 3'. அணுகுண்டு வெடித்தபின் வானத்திலிருந்து படியும் நச்சுத் தூசிக்குத்தான் ஆங்கிலத்தில் 'ஃபால்அவுட்' என்று பெயர். அமெரிக்காவிலுள்ள பெதெஸ்டா நிறுவனம் 2008-ம் ஆண்டு அக்டோபரில் இதை வெளியிட்டது. சண்டையும் இரத்தமும் மிகுந்த விளையாட்டு. பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஏற்றதல்ல என்று அந்நாட்டிலேயே முத்திரையிடப்பட்டது. சிறு பிள்ளைகள் கைக்கு அது போகாமல் பார்த்துக்கொள்வது பெற்றோர் கடமை. ஆயினும் அதன் முடிவில் எழும் கேள்வி பெரியவர்களாகிய நமக்கும் உரியது.

கதை இது. 2077-ம் ஆண்டில் அணுகுண்டுப் போர் மூண்டு உலகம் பாழாகிறது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 2277-ல், வாஷிங்டன் நகரத்தின் இடிபாடுகளில் மீந்த மக்கள் வாழ்கிறார்கள். ஆறும் குளமும் உண்டு. ஆனால் நீரெல்லாம் கதிரியக்கத்தால் கெட்டது. ஊர் வாசல்களில் பிச்சைக்காரர்கள் காசு கேட்பதில்லை, சோறு கேட்பதில்லை. ஒரு குவளை நல்ல தண்ணீர் கேட்கிறார்கள்.

ஜேம்ஸ் என்ற விஞ்ஞானியும் அவர் மனைவி கேதரினும் அந்த நீரையெல்லாம் சுத்திகரித்து, மக்கள் எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க ஓர் இயந்திரத்தை நிறுவ முயன்றார்கள். 'தூய்மைத் திட்டம்' என்று அதற்குப் பெயர். பிள்ளையைப் பெற்றவுடன் கேதரின் இறந்து போகிறாள். அப்பிள்ளைதான் நாம் ஏற்று ஆடும் பாத்திரம். தாயார் நேசித்த வேதவாக்கியம் ஒன்று வீட்டுச் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. அது அர்ச். அருளப்பர் எழுதிய காட்சியாகமம், 21-ம் அதிகாரம், 6-ம் வசனம். தாகமுள்ளவனுக்குச் சீவிய நீரை விலையின்றிக் கொடுப்பதாக ஆண்டவர் வாக்களிக்கும் இடம் அது.

பின்னாளில் என்கிளேவ் என்னும் படைக் கூட்டத்தார் இயந்திரத்தைக் கைப்பற்ற வருகிறார்கள். கொடியவர் கையில் அது சேராதபடி ஜேம்ஸ் அதன் அறையைக் கதிரியக்கத்தால் நிரப்பி, பிள்ளையின் கண் முன்னே தாமும் உயிர் விடுகிறார்.

கதை முடிவில் நாம் அதே அறையின் வாசலில் நிற்கிறோம். இயந்திரம் பழுதுபட்டு வெடிக்கும் நிலையில் இருக்கிறது. யாராவது உள்ளே போய் மூன்று இலக்கங்களை அழுத்தி அதை இயக்கினால் நீர் சுத்தமாகும். இலக்கங்கள் 2, 1, 6. தாயாருடைய வசனமே சாவி. ஆனால் உள்ளே போகிறவர் கதிரியக்கத்தால் மாள்வது நிச்சயம். ஒருவரும் போகாவிட்டால் எல்லாம் வெடித்து அழியும். பக்கத்தில் சாரா லயன்ஸ் என்ற வீரப்பெண் நிற்கிறாள். அவளைப் போகச் சொல்லலாம், சொன்னால் போவாள். அல்லது நாமே போகலாம்.

இதோடு கேள்வி முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த அறையில் இரண்டு கேள்விகள் உண்டு. இரண்டாவது கேள்வி நம் சட்டைப் பையில் கிடக்கிறது. அதைப் பிறகு எடுப்போம். முதலில் முதற் கேள்வி.

அறைக்குள் தெரிந்தே போகிறவன் தற்கொலை செய்கிறானா? இல்லை. 13-ம் நூற்றாண்டில் அர்ச். தோமாஸ் அக்குயினாஸ், தன்னைக் காத்துக்கொள்ள எதிரியைத் தாக்குகிறவனைப் பற்றி எழுதுகையில், ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம் என்றும், மனிதன் நாடுவது ஒன்றாகவும் அவன் நாடாமல் கூட வருவது மற்றொன்றாகவும் இருக்கலாம் என்றும் விளக்கினார். திருச்சபையின் ஒழுக்க நூலோர் பின்னர் இதைப் பல காரியங்களுக்கும் விரித்துரைத்தார்கள். நம் கதையிலே, உள்ளே போகிறவன் நாடுவது மக்களுக்கு நீர். தன் சாவை அவன் நாடவில்லை, சகித்துக்கொள்கிறான். எரிகிற வீட்டுக்குள் குழந்தையை எடுக்கப் பாய்கிற தாய் சாவைத் தேடிப் போகிறாள் என்று யார் சொல்வார்?

இதற்கு மேலான சாட்சி நமக்கு உண்டு. 1941-ம் ஆண்டு அவுஷ்விட்ஸ் சிறை முகாமிலிருந்து ஒரு கைதி காணாமற்போனதற்குப் பழியாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லத் தீர்ப்பாயிற்று. அவர்களில் ஒருவர் பிரான்சிஸ்செக் கயோவ்னிசெக். மனைவி மக்களை நினைத்து அவர் கதறினபோது, அர்ச். மாக்சிமிலியன் கோல்பே என்னும் குருவானவர் முன்வந்து அவருக்குப் பதிலாகத் தம்மை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். ஆகஸ்டு 14-ந் தேதி கோல்பே கொல்லப்பட்டார். காப்பாற்றப்பட்டவரோ 1995 வரை உயிரோடிருந்தார். 1982-ல் தம்மை மீட்டவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுக்கப்பட்டதையும் கண்ணாரக் கண்டார். கோல்பே சாவை விரும்பினாரா? ஒரு குடும்பத்தின் தகப்பன் பிழைக்க வேண்டுமென்று விரும்பினார். அங்கே வேறு வழி இருக்கவில்லை.

வேறு வழி இருந்தால்? இங்கேதான் கதையில் ஒரு சிக்கல் வருகிறது. ஃபாக்ஸ் என்ற நண்பன் ஒருவன் நம்மோடு வந்திருக்கலாம். அவன் கிருமி மாற்றத்தால் பூத உருவம் அடைந்த மனிதன். பார்க்கப் பயங்கரமானவன், பேச்சிலும் அறிவிலும் சாந்தமானவன். கதிரியக்கம் அவனை ஒன்றும் செய்யாது. முன்பு ஒரு முறை கதிரியக்கம் நிறைந்த வேறோர் அறைக்குள் நமக்காகப் போய், வேண்டிய கருவியை எடுத்து வந்தவனும் அவனே. அப்படியிருக்க, கடைசி அறைக்கு அவனைப் போகச் சொன்னால் மறுக்கிறான். இது உன் விதி, அதை உன்னிடமிருந்து நான் பறிக்க மாட்டேன் என்கிற பாவனையில் பதில் சொல்கிறான்.

இதைக் கண்டு ஆடினவர்கள் பலர் கோபம் கொண்டார்கள். 2009-ம் ஆண்டு மே மாதம் வெளிவந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்ற பிற்சேர்க்கையில் நிறுவனத்தார் அதை மாற்றி, ஃபாக்ஸை அனுப்ப இடம் கொடுத்தார்கள்.

கோபித்தவர்கள் கோழைகளா? சிலர் அப்படித்தான் நினைப்பார்கள். "தகப்பன் உயிர் கொடுத்தான், மகனும் கொடுக்க வேண்டாமா? சாகாமல் தப்ப வழி தேடுவது சிலுவையைத் தட்டிக் கழிப்பதல்லவா?" என்று கேட்பார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பு சொன்ன நியாயத்தை நினைவுகூருங்கள். சாவு நாம் நாடும் பொருளல்ல, சகித்துக்கொள்ளும் பொருள் என்றோம். அப்படியானால், அது அவசியமில்லாத இடத்தில் அதைச் சகிக்கக் காரணமும் இல்லை. நீர் கிடைத்தும் ஒருவரும் சாகாதிருந்தால், யாருக்கு என்ன நஷ்டம்? கதைக்கு அழகு குறையலாம். பிறர்சிநேகத்துக்கு ஒரு குறையும் இல்லை.

ஆதித் திருச்சபை இதை நன்றாக அறிந்திருந்தது. 2-ம் நூற்றாண்டில் ஸ்மீர்னா பட்டணத்தில் அர்ச். பொலிக்கார்ப்பு ஆயர் வேதசாட்சியாக மரித்த வரலாற்றை அவ்வூர்ச் சபையார் கடிதமாக எழுதி வைத்தார்கள். அதிலே குவிந்து என்ற ஒருவனைப் பற்றி வருகிறது. அவன் யாரும் பிடிக்காமலே தானாகப் போய்த் தன்னை ஒப்புக்கொடுத்தான், மற்றவர்களையும் தூண்டினான். கொடிய மிருகங்களைக் கண்டவுடன் பயந்து விக்கிரகத்துக்குப் பலியிட்டு விட்டான். வயது முதிர்ந்த ஆயரோ, நண்பர் சொற்கேட்டு முதலில் ஊருக்கு வெளியே ஒதுங்கி இருந்தார். பிடிபட்டபின் அசையாமல் நின்றார். தாமாகவே போய்ச் சாவைத் தேடுகிறவர்களைப் புகழமாட்டோம் என்று சபையார் தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். நம் ஆண்டவர்தாமும் ஜெத்சமனித் தோட்டத்தில், கூடுமானால் அந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றல்லவா முதலில் செபித்தார்?

நம் காலத்து உதாரணமும் ஒன்று உண்டு. 2011-ம் ஆண்டு மார்ச் 11-ல் ஜப்பானில் பூகம்பமும் கடற்கோளும் உண்டாகி, புக்குஷிமா அணுமின் நிலையம் சேதமடைந்தது. அப்போது யசுதெரு யமாதா என்ற 72 வயதான ஓய்வுபெற்ற பொறியாளர், தம்மைப் போன்ற முதியோரைச் சேர்த்துக்கொண்டு, வாலிபத் தொழிலாளருக்குப் பதிலாகத் தாங்கள் உள்ளே போவதாக முன்வந்தார். இருநூறுக்கு மேற்பட்டோர் சேர்ந்தார்கள். கதிரியக்கத்தால் வரும் புற்றுநோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தம் ஆயுள் எப்படியும் முடிந்துவிடும் என்பது அவர் கணக்கு. இதை வீரம் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை, நியாயமான காரியம் என்றார். யாருக்குக் கேடு குறைவோ அவர் போகட்டும் என்ற இந்த எண்ணத்தில் எவ்வளவு அன்பும் எவ்வளவு புத்தியும் இருக்கிறது, பாருங்கள்!

ஆகவே முதற் கேள்விக்கு விடை இதுதான். ஃபாக்ஸ் மனதார இசைந்தால் அவன் போகட்டும். அவன் இல்லாவிட்டால் நாம் போவது உத்தமம். சாரா தானே விரும்பிப் போனால் அந்தக் கொடை அவளுடையது. பயத்தினால் அவளைத் தள்ளிவிட்டு நாம் நிற்போமானால் அந்தக் கொடையில் நமக்குப் பங்கில்லை.

இப்போது சட்டைப் பையைத் தடவிப் பார்ப்போம். அங்கே ஒரு சிறு குப்பி இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? என்கிளேவ் கூட்டத்தாருக்கு ஒரு ஜனாதிபதி உண்டு. ஜான் ஹென்றி ஈடன் என்று பெயர். இனிய குரலில் வானொலியில் மக்களுக்கு ஆறுதல் பேசுகிறவர். நேரில் போய்ப் பார்த்தால் அவர் மனிதரே அல்ல, ஒரு கணிப்பொறி. ஏதேன் தோட்டத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கணிப்பொறி நம் கையில் அந்தக் குப்பியைக் கொடுக்கிறது. அதிலுள்ள கிருமியைச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் சேர்த்துவிட வேண்டுமாம். கதிரியக்கத்தாலும் கிருமியாலும் உடல் மாறிப்போனவர்கள் அந்த நீரைக் குடித்து மாள்வார்களாம். கெடாத மனிதர் மட்டும் மீந்திருப்பார்களாம். தேசம் சுத்தமாகிவிடுமாம்.

இரண்டு 'சுத்தங்களை'யும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தாயும் தகப்பனும் மக்களுக்காக நீரைச் சுத்தப்படுத்தப் பார்த்தார்கள். ஈடனோ நீரைக் கொண்டு மக்களைச் சுத்தப்படுத்தப் பார்க்கிறது. இயந்திரம் ஒன்றே, நீர் ஒன்றே. நோக்கம் மோட்சத்துக்கும் நரகத்துக்கும் உள்ள தூரம்.

"பூத உருவினர் மக்களைத் தாக்குகிறார்கள், பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை ஒழிப்பது நன்மையல்லவா?" என்று ஒருவன் கேட்கலாம். கதையில் அவர்களில் பலர் கொடியவர்களே. தாக்க வருகிறவனைத் தடுக்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் குப்பி தாக்குகிறவனைத் தேடிப் போவதில்லை. குடிக்கிறவனைத் தேடிப் போகிறது. ஃபாக்ஸும் அதே நீரைக் குடிக்க வேண்டியவன். பழைய பொருட்காட்சிச் சாலை ஒன்றுக்குள் 'பாதாள உலகம்' என்ற பெயரில் ஒரு சிற்றூர் உண்டு. கதிரியக்கத்தால் தோல் வெந்து முகம் சிதைந்தவர்கள் அங்கே கடை வைத்து, வைத்தியசாலை நடத்தி, ஒருவரையொருவர் காத்து வாழ்கிறார்கள். அவர்களும் அந்த நீரைத்தான் குடிப்பார்கள். முதற் கேள்வியில் சாவு கூட வந்த விளைவு. இங்கே சாவே நோக்கம். ஆகையால் முதலாவது தியாகம், இரண்டாவது கொலை. ஐந்தாம் கற்பனை இதில் சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை.

இது கதையில் மட்டும் நடப்பது என்று எண்ண வேண்டாம். 1927-ம் ஆண்டு மார்ச் 20-ந் தேதி, பம்பாய் மாகாணத்திலிருந்த மகாத் என்ற ஊரில், டாக்டர் அம்பேத்கர் தம் மக்களை அழைத்துக்கொண்டு போய்ப் பொதுக் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். மிருகங்களும் குடிக்கும் குளம் அது. அவர்கள் குடித்ததால் நீர் தீட்டாகிவிட்டதென்று மேற்குலத்தார் சிலர் சாணமும் கோமூத்திரமும் பாலும் தயிரும் குளத்தில் ஊற்றி அதைச் 'சுத்தம்' செய்தார்கள். மனிதனைத் தீட்டு என்று எண்ணிய இடத்தில் சுத்தம் என்ற சொல் எவ்வளவு அசுத்தமாய்ப் போகிறது!

இப்போது நாம் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். அந்த விளையாட்டை ஆடினவர்கள் கூடினால் எதைப் பற்றி அதிகம் பேசுவார்கள்? நான் உள்ளே போக வேண்டுமா, ஃபாக்ஸ் போகலாமா என்பதையே. குப்பியைப் பற்றிய பேச்சு குறைவு. காரணம் என்ன? அறை நம் உயிரைக் கேட்கிறது. ஆகையால் அது பெரிதாய்த் தோன்றுகிறது. குப்பி நம்மிடம் ஒன்றும் கேட்பதில்லை. ஒரு துளையில் செருகிவிட்டால் வேலை முடிந்தது. வலியில்லை, சத்தமில்லை. சாகிறவர்கள் எங்கோ தூரத்தில், நாம் பார்க்காத நாளில் சாவார்கள். நமக்கு வலிக்கிற தீர்மானம் மலைபோலவும், பிறருக்கு வலிக்கிற தீர்மானம் கடுகுபோலவும் தெரிவது கெட்டுப்போன மனித சுபாவம்.

அன்றியும், இதைக் கவனியுங்கள். அந்த விளையாட்டில் ஒருவன் குப்பியைச் செருகிவிட்டு, அதன்பின் அறைக்குள் போய்த் தன் உயிரையும் கொடுக்கலாம். ஒரே நாளில் தியாகியாகவும் திரளான மக்களைக் கொன்றவனாகவும் சாகலாம். அப்படிப்பட்டவனின் சாவுக்கு என்ன பேறு? பிறர்சிநேகம் இல்லாவிடில் உடலையே நெருப்புக்குக் கொடுத்தாலும் வீண் என்பதை அர்ச். சின்னப்பர் கொரிந்தியருக்கு விளக்கியிருக்கிறாரே!

பெற்றோரே, நம் குடும்பங்களிலும் இது உண்டா இல்லையா? இரவு பகல் உழைத்து உடம்பைத் தேய்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார் ஒரு தகப்பனார். அவர் தியாகி என்று ஊரே சொல்லும். அதே மனிதர் சொத்துப் பாகம் பிரிக்கையில், விதவையான அண்ணியாருக்கு உரிய நிலத்தைத் தம் பெயருக்கு எழுதும் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடுகிறார். கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் ஆகாது. தபசு காலம் முழுதும் ஒருசந்தி பிடிக்கிறார் ஒரு தாயார். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்குத் தனிக் குவளை வைத்திருக்கிறார். ஒருசந்தி அவருக்குப் பெரிதாய்த் தெரிகிறது. குவளை கண்ணிலேயே படுவதில்லை. ஆத்தும சோதனை செய்யும்போது, "நான் எதை இழந்தேன்?" என்று கேட்பதோடு நில்லாமல், "என் கையெழுத்தால், என் சொல்லால், என் மௌனத்தால் யார் எதை இழந்தார்?" என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாம் கேள்வியை முதலில் கேட்பது நலம்.

வாலிபரே, உங்களுக்கும் ஒரு சொல். கடைசி அறைக்கு வருவதற்கு எவ்வளவோ முன்பே, ஊர் வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பிச்சைக்காரனை நீங்கள் சந்தித்தீர்கள். உங்கள் பையில் நல்ல தண்ணீர் இருந்தது. அவனுக்குக் கொடுத்தீர்களா? அவன் யார், எந்த ஊரான், உடம்பு கெட்டவனா கெடாதவனா என்று விசாரித்தீர்களா? அன்று முகத்தைப் பார்த்து ஒரு குவளை கொடுத்தவனுக்குக் கடைசி நாளில் குப்பியைச் செருகக் கை வராது. அன்று பாராமல் தாண்டிப் போனவனுக்கு, பெரிய கேள்வி வந்த அன்று திடீரென்று நல்ல மனசு எங்கிருந்து வரும்? பெரிய தீர்மானங்கள் சிறு செயல்களில்தான் முன்கூட்டியே தீர்மானமாகின்றன.

இவ்வாரம் ஒரு நாள், விளையாட்டை முடித்தபின், உங்கள் மகனையோ மகளையோ பக்கத்தில் அழைத்து, "அந்தக் குப்பியை நீ என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். திட்டுவதற்காகக் கேட்க வேண்டாம், பேசுவதற்காகக் கேளுங்கள். பிறகு வேதப் புத்தகத்தை எடுத்து, 216 என்ற அந்த இலக்கங்கள் காட்டும் வசனத்தைக் குடும்பமாக வாசியுங்கள். நீரைப் பெறுகிறவன் எப்படிப்பட்டவனாக இருக்க வேண்டும் என்று அங்கே தேடிப் பாருங்கள். அவனுக்குத் தாகம் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அங்கே எழுதியிருக்கிறது. ஆண்டவர் வைக்காத நிபந்தனையை நாம் வைக்காதிருக்க அவரே நமக்கு வரம் அருள்வாராக.